ஐந்து மைக்கும் ஒரு வாயும்

வாஷிங் மெஷின் நடந்துபோய்க் குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டது. உள்ளே அம்மா. வெளியே அப்பாவும் மகளும். துணி பிழியும் நேரம் வந்தால் அதற்குக் கால் முளைத்துவிடும். அன்றைக்கு வாசல்வரை வந்து நின்றுவிட்டது.

“ரெண்டு பேரும் இன்ஜினியரிங் படிச்சவங்கதானே? முதல்ல மெஷினைத் தள்ளுங்க!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

தள்ளினார்கள். அம்மா வெளியே வந்தாள். இருவரும் மெஷினைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்கள். ஒரு கால் மட்டும் தரையைத் தொடவில்லை. மகள் ஒரு அட்டையை மடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் தூக்குங்கப்பா.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“கொஞ்சம்னா கொஞ்சம்.”

“தெளிவில்லை,” என்றார் அப்பா. ஆனாலும் தூக்கினார்.

“இப்போ ஏறக்குறைய சரியா இருக்கு.”

“ஏறக்குறையவா? அந்த வார்த்தைக்கே ஆட்சேபம் போடுவேன் நான்.”

“ஒரு அட்டையைச் சொருக இத்தனை வாக்குவாதமா?” என்றாள் அம்மா. “நான் உள்ளேயே இருந்திருப்பேன், நிம்மதியா.”

அட்டை பொருந்தியது. மெஷின் ஆடாமல் நின்றது. அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அந்த வாரமே ஒரு நாள் காலை, அலுவலகத்துக்குக் கிளம்பியவர் செருப்பு மாட்டிக்கொள்ள உட்கார்ந்தார். எழவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர்.

அப்பா காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர். யாராவது ஒரு கருவியைச் செய்து, ‘இது என் கண்டுபிடிப்பு, வேறு யாரும் செய்யக் கூடாது’ என்று உரிமை கேட்டு விண்ணப்பிப்பார்கள். அது உண்மையிலேயே புதியதா, இல்லை உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் முன்பே வெளியாகிவிட்டதா என்று தேடிப் பார்ப்பது அவர் வேலை. அவருக்கு ஒதுக்கியிருந்தது ஒலி. அதிலும் பல மைக்குகளை வைத்து ஒலி பிடிக்கும் கருவிகள்.

ஒற்றை மைக் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் குழைத்துத்தான் கேட்கும். பல மைக்குகள் இருந்தால், ஒரு குரல் எதற்கு முதலில் வந்தது, எதற்குத் தாமதமாக வந்தது என்று பார்த்து, பேசுகிறவர் இருக்கும் திசையைக் கண்டுபிடித்துவிடலாம். மற்ற திசைகளை அமுக்கிவிட்டு அந்தக் குரலை மட்டும் பொறுக்கி எடுக்கலாம்.

“இதுக்கு எதுக்கு மெஷின்? உங்கப்பா பிறந்ததிலிருந்து இதைத்தான் செய்யறார்,” என்பாள் அம்மா. “ஊர்ச் சத்தம் எல்லாம் காதுல விழும். என் திசையை மட்டும் அமுக்கிடுவார்.”

காப்புரிமைக் கோரிக்கை, அதாவது எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லும் பகுதி, எவ்வளவு நீளமானாலும் ஒரே வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும். அது தொழில் விதி. பக்கம் தாண்டி ஓடும் வாக்கியங்களை வருடக்கணக்கில் படித்ததில் அப்பாவின் நாக்கும் அப்படியே பழகிவிட்டது. வீட்டில் திட்டுவதுகூட அந்த நடைதான். “குளியலறை விளக்கை அணைக்காமல் வந்தவரும், வந்ததை ஒப்புக்கொள்ளாதவரும், கேட்டால் தம்பி மேல் பழி போடுபவரும், தம்பியே இல்லாதவருமான ஒரு நபர்” என்று கூடத்தில் நின்று வாசிப்பார். அந்த நபர் போர்வைக்குள் சிரித்துக்கொண்டிருக்கும்.

விண்ணப்பம் போடும் முன்பே கண்டுபிடிப்பை நாலு பேருக்குக் காட்டிவிட்டு வருகிறவர்களைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. காட்டிவிட்டால் அது ஊருக்குத் தெரிந்த பொருள். ஊருக்குத் தெரிந்தது புதியதில்லை. புதியதில்லை என்றால் உரிமையும் இல்லை. ஒருமுறை ஒரு ஒலிபெருக்கிக்காரர் அவரிடம் வந்து கெஞ்சினார்.

“மச்சான் கடையில வச்சுக் காட்டினேன் சார். அவ்வளவுதான்.”

“கடைக்குள்ள யார் வேணும்னாலும் வரலாமா?”

“வரலாம் சார். கடைதானே.”

“போச்சு.”

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அன்று முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டார். “வாயை மூடிட்டு முதல்ல விண்ணப்பத்தைப் போட வேண்டாமா? அப்புறம் கூரை மேல ஏறி நின்னு கத்தட்டுமே!”

அலுவலகத்துக்கு வெளியே அவருக்கு இருந்த ஒரே பதவி, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கச் செயலாளர். வேறு யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காததால் அவர் தலையில் விழுந்தது. கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யார் என்ன சொன்னார் என்று எழுத வேண்டியவர் அவர். ஒரு கூட்டத்துக்கு, ‘அனைவரும் ஒரே சமயத்தில் கருத்துத் தெரிவித்தனர்’ என்று ஒரே வரி எழுதிவிட்டு வந்தார். அதற்கும் சண்டை வந்தது.

மகள் ஒலிக் கருவிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஓய்வு நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியின் விளிம்பில் ஐந்து மைக்குகளை ஒட்டி ஏதோ செய்துகொண்டிருந்தாள். அப்பா கதவருகே வந்து நின்றார்.

“அதை ஒரு நாள் சங்கத்துக்குக் கொண்டு வாயேன்.”

“இன்னும் முடியலப்பா.”

“எனக்காக.”

கொண்டுபோனாள். அன்று பேச வேண்டியது லிஃப்ட் பழுதைப் பற்றி. மேசை நடுவில் மூடி. அவள் காதில் ஹெட்போனும் கண் லேப்டாப்பிலுமாக ஓரத்தில் உட்கார்ந்தாள். வழக்கம்போல எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். கருவி தன் பாட்டுக்குக் குரல்களைப் பிரித்தது. மேல் வீட்டுக் கணக்கு வாத்தியார்தான் கேட்டார்: “இது எப்படி சார் வேலை செய்யுது?”

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அப்பா எழுந்தார். அறிவிப்புப் பலகையில் இருந்ததை அழித்தார். சாக்பீஸை எடுத்தார். ஐந்து வட்டம் போட்டார். குரல் எப்படி வருகிறது, எங்கே முந்துகிறது, எங்கே பிந்துகிறது, பிந்தியதை எப்படி நேர் செய்து கூட்டுவது என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். எந்த விண்ணப்பத்திலும் அத்தனை தெளிவாக யாரும் எழுதியதில்லை. நடுநடுவே, “என் பொண்ணு செஞ்சது” என்றார். வாத்தியார் கேட்டது ஒரு கேள்வி. அவர் சொன்னது ஒன்பது பதில். லிஃப்டை எல்லாரும் மறந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு குரலும் தனித்தனியாக, பக்கத்தில் நின்று சொல்வதுபோலக் கேட்டது. “நான் அப்படிச் சொல்லவே இல்ல” என்று சாதித்தவர், தான் சொன்னதைத் தன் குரலிலேயே கேட்டார். மேல் வீட்டு வாத்தியார் பாடும் பாட்டைப் பற்றி யாரோ யாரிடமோ கிசுகிசுத்தது வாத்தியார் காதில் தெளிவாக விழுந்தது. அந்தப் பதிவை உடனே அழிக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. சங்க வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம். எல்லார் கண்ணெதிரிலும் மகள் அழித்தாள்.

பிறகு அவளும் இரண்டு நண்பர்களும் வேலையை விட்டுச் சிறு கம்பெனி தொடங்கினார்கள். அவர்களிடம் இருந்த ஒரே சொத்து அந்த மூடிதான். அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். அப்பா இருக்கும் அலுவலகம். சலுகை கேட்டதாகப் பேச்சு வரக் கூடாது என்று அவரிடம் மூச்சுவிடவில்லை.

கோப்பு முறைப்படி ஒலி ஆய்வாளர் மேசைக்கு வந்தது. அதாவது அப்பாவிடம். கண்டுபிடிப்பாளர் பெயரைப் பார்த்ததும் சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போலக் கையை எடுத்தார். கோப்பை மூடி, அடுத்த மேசைக்காரரிடம் தள்ளினார். ஒரே ஒரு கமாவுக்காக ஒரு விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியவர் என்பதால் அலுவலகத்தில் அந்த மேசைக்காரருக்குக் கமா என்றே பெயர்.

“உங்க பொண்ணா சார்? சொல்லவே இல்லையே?”

“எனக்கே சொல்லலையே!”

பெருமையாகத்தான் சொன்னார். மதியச் சாப்பாட்டில் பாதியில் கை நின்றது. அறிவிப்புப் பலகை நினைவுக்கு வந்துவிட்டது.

அன்று மாலை செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்: “விண்ணப்பம் எப்போ போட்டே?”

“அதைப் பத்தி உங்ககிட்ட பேசக் கூடாதுப்பா.”

“உள்ளே என்ன இருக்குன்னு கேக்கல. சங்கக் கூட்டத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

மகள் மனதுக்குள் தேதிகளை எண்ணினாள்.

“பின்னாடி,” என்றாள். “அது நம்ம பில்டிங் ஆளுங்கதானேப்பா? அதெல்லாம் ஒரு கணக்கா?”

“யார்கிட்டயாவது ரகசியமா வச்சுக்கச் சொன்னோமா?”

“லிஃப்டைப் பத்திப் பேச வந்தவங்ககிட்ட என்னன்னு சொல்றது?”

“அப்போ அது ஊர்தான்.”

“மைக்கைப் பார்த்தா மட்டும் யாருக்கும் எதுவும் புரிஞ்சிருக்காதுப்பா! நீங்கதான் படம் போட்டு...” அவள் நிறுத்திக்கொண்டாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். “ஆமா. நான்தான்.”

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “என்ன ஆச்சு?”

“நான் ஊருக்கெல்லாம் செய்யாதேன்னு சொன்னதை, நானே செஞ்சிருக்கேன்.”

“தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?” என்றாள் அம்மா. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “இந்தத் தவளை வேற எங்கேயும் வாயைத் திறக்காது. பொண்ணு விஷயத்துலதான் கத்திடுச்சு.”

மறுநாள் அப்பா நடந்ததை முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கமாவிடம் கொடுத்தார். கமா இரண்டு முறை படித்தார்.

“ஆதாரம் தேடி எத்தனை நூலகம் அலைஞ்சிருக்கேன் சார். ஆதாரமே நடந்து வந்து எதிர்ல உக்காந்து டீ குடிக்கிறது இதுதான் முதல் தடவை.”

“சொந்தச் செலவுல சூனியம்யா. ஆட்சேபத்தை எழுது.”

மகள் அவரோடு சில நாள் பேசவில்லை. ‘தண்ணி கேன் வந்தாச்சுன்னு அவர்கிட்ட சொல்லும்மா’ என்று நேரெதிரில் இருந்தவருக்கு அம்மா வழியாகத் தகவல் அனுப்பினாள். கம்பெனி நண்பன் ஒருவன் கேட்டான்: “உங்கப்பா நம்ம கட்சியா, எதிர்க்கட்சியா?” அவளுக்கும் அது சரியாகத் தெரியவில்லை.

கமாவின் கடிதம் வந்தது. முதல் கோரிக்கை, குரல்களைப் பிரிப்பது, போய்விட்டது. இன்னொரு கோரிக்கை மட்டும் மிஞ்சியது. பேசுகிறவர் அறைக்குள் நடமாடினாலும் கருவி விடாமல் பின்தொடர்ந்து கேட்கும். கம்பெனி பிழைப்பதென்றால் இனி அதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். கமா விடுவாரா? அன்றைய கூட்டத்தில் யாராவது நடந்துகொண்டே பேசினார்களா, கருவி அதைப் பின்தொடர்ந்ததா என்று விண்ணப்பதாரர் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்படிப் பேசியிருந்தால் அதுவும் அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். பதிவு இருந்தால் அதிலிருந்தே கண்டுபிடித்திருக்கலாம். பதிவுதான் ஏகமனதாக அழிந்துவிட்டதே.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மகள் அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தாள். பேச்சு அப்படித்தான் மறுபடி தொடங்கியது.

“நான் ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தேன். யாராவது நடந்தாங்களா?”

“நான் பலகையைப் பார்த்துட்டு இருந்தேன். எல்லாரும் உக்காந்துதான் இருந்தாங்க. கீழ் வீட்டு அத்தையைத் தவிர. அவங்களைப் பத்தி எனக்கு நிச்சயமா தெரியல.”

கீழ் வீட்டு அத்தைக்கு உட்கார்ந்தால் பேச்சு வராது. குடியிருப்பு முழுக்க அறிந்த விஷயம்.

“அவங்களைக் கேக்க வேண்டாம்ப்பா,” என்றாள் மகள். “கேட்டாதானே தெரியும்? தெரியலைன்னா, யாரும் நடந்ததா எங்களுக்குத் தெரியாதுன்னு எழுதிடலாம். பொய்யும் இல்ல.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கீழ் வீட்டுல கேட்டா தெரியும்னு தெரிஞ்சுட்டே தெரியாதுன்னு எழுதுறவரும், அதைப் பொய் இல்லைன்னு சொல்லுறவரும், என் மகளுமான ஒரு நபர்,” என்று ஆரம்பித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான்.

“சரி, கேளுங்க. நான் கேக்க மாட்டேன்.”

“உளறினவன் நான். நான்தான் கேக்கணும். அவங்க பையன் வீட்டுக்குப் போயிருக்காங்க. வந்ததும் கேக்கறேன்.”

அத்தை ஊரிலிருந்து திரும்பியது அவர் இறந்த சேதி கேட்டுத்தான்.

கமா வந்திருந்தார். வாசலில் ஒட்டியிருந்த அஞ்சலித் தாளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். ஒரு கமா விட்டுப்போயிருந்தது. அதைக் காட்டாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு போனார். போகும்போது மகளிடம் மட்டும், “பதில் அனுப்ப இந்த மாசம் முடியறவரைக்கும் டைம் இருக்கும்மா. அவசரப்படாதே,” என்றார்.

எல்லாரும் போன பிறகு ஒரு மாலை கீழ் வீட்டு அத்தை மேலே வந்தாள். வந்ததும் பேச ஆரம்பித்தாள். ஜன்னல்வரை போனாள், திரும்பினாள், அலமாரியைத் தொட்டாள், அப்பாவின் நாற்காலியைச் சுற்றினாள். மகளின் கண் அந்தக் கால்களையே தொடர்ந்தது.

“உக்காருங்க அத்தை.”

அத்தை உட்கார்ந்தாள். பேச்சு நின்றுவிட்டது. சேலைத் தலைப்பைத் திருகினாள். சுவரைப் பார்த்தாள். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைக் கையில் வாங்கியதும் எழுந்துவிட்டாள். பேச்சும் எழுந்தது.

“அன்னிக்குக் கூட்டத்துல பார்க்கணுமே உன் புருஷனை! வாயே திறக்காத மனுஷன், பொண்ணைப் பத்தின்னதும் என்ன பேச்சு! நான்கூட லிஃப்டைப் பத்தி ஏதோ சொல்லிட்டு இருந்தேன்...”

மகள் நிமிர்ந்தாள்.

அத்தையால் அதற்கு மேல் முடியவில்லை. குரல் உடைந்தது. அம்மாவும் அழுதாள். காபி ஆறியது. அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது? ‘அத்தை, அன்னிக்கு நீங்க நின்னு பேசினீங்களா, நடந்துட்டே பேசினீங்களா?’

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். மகள் வாசல்வரை போனாள்.

“எதுன்னாலும் கேளும்மா. கூச்சப்படாதே. கீழேதானே இருக்கேன்.”

“ஒண்ணு கேக்கணும் அத்தை.”

“என்னம்மா?”

“அப்பா கேக்கறதா இருந்தார். நாளைக்கு நான் கீழே வந்து கேக்கறேன்.”

“வா, வா,” என்றாள் அத்தை. பேசிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.