பாஸ் சொல்லாதவன் இலை

மெஸ் நடத்துகிறவள் அடுப்பைப் பார்ப்பதைவிட வாசலைப் பார்ப்பதுதான் அதிகம். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் ரேஷன் அரிசியைக் களைந்தவர்களுக்கு இது புரியும்.

நான் நாலாங்கிளாஸோடு நின்றவள். பம்பாய் மாதுங்காவில் மெஸ் வைத்த பிறகு 'பாஸ்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் நன்றாகக் கற்றேன். கற்றதோடு கவலையும் வந்தது.

சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் சீட்டுக் கச்சேரி நடக்கும். கையில் நல்ல சீட்டு இல்லாமல் கேள்வி கேட்க முடியாதவன் "பாஸ்" என்று ஒதுங்கிக்கொள்வான். ரேஷன் வந்ததும் நான் ஒரு சட்டம் போட்டேன். ராத்திரி சாப்பிட வராதவர் காலைக் காப்பியின்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கும் சேர்த்து உலை வைப்பேன், இலையும் போடுவேன்.

சீட்டுப் பழக்கத்தில் எல்லோரும் "மாமி, இன்னிக்கு நான் பாஸ்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மில் குமாஸ்தா ரகு மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. ஏனடா என்றேன். "துருப்பெல்லாம் உங்க கரண்டியில இருக்கு மாமி, யாராவது பாஸ் சொல்லுவாளா?"

ரயில்

மெஸ்ஸில் சாப்பிடும் கிட்டுவுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. அவனுக்குப் பாஸ் என்றால் ஓசி டிக்கெட். ஒற்றப்பாலத்தில் பெண்டாட்டிக்கு மாசம் நெருங்கியபோது சாதத்தைப் பிசைந்து பிசைந்து வைத்தான். "பாஸ்தான் இருக்கே, கிளம்பேன்டா" என்றேன்.

"பாஸ் குடுத்தா மாமி, லீவுதான் குடுக்கலை."

மில்

ரகுவின் அம்மா பாலக்காட்டிலிருந்து வந்து, "உங்களை நம்பி விட்டுட்டுப் போறேன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னவள். அது முதல் அவன் இருமினால்கூட எனக்குப் பகீரென்னும். ஒருநாள் ஜுரத்தோடு பரேல் மில்லுக்குப் போனான். நடுவில் வெளியே வர கேட் பாஸ் வேண்டுமாம், மானேஜர் சாஹிப் தரவில்லை. சாயங்காலம் நடுங்கிக்கொண்டு வந்தான்.

"உள்ள போறதுக்கு நான் போறும் மாமி, வெளில வரதுக்குத்தான் கடுதாசி வேணும்."

கர்ஃப்யூ

கலவரம் மூண்ட அன்றும் ரகு காப்பியைக் குடித்துவிட்டுப் பாஸ் சொல்லாமல் கிளம்பினான். மத்தியானமே கத்திக்குத்து என்று செய்தி வந்தது. பொழுது சாயும்போது கர்ஃப்யூ. போலீஸ் பாஸ் இல்லாமல் தெருவில் தலை காட்ட முடியாது. எல்லோரும் வந்துவிட்டார்கள். ரகு வரவில்லை.

அவன் இடத்தில் இலையைப் போட்டுத் தண்ணீரும் வைத்தேன்.

"எப்படி வருவான் மாமி? எடுத்துடுங்கோ" என்றான் கிட்டு.

"அவன் பாஸ் சொல்லலை."

அப்பளம் நொறுங்குவதுகூடப் பெரிய சத்தமாகக் கேட்டது. அவன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே ஒருவனுக்கே இரண்டு தடவை ரசம் விட்டேன்.

காலையில் கர்ஃப்யூ தளர்ந்ததும் வாசலில் வந்து நின்றான், தலையெல்லாம் பஞ்சு. கேட்டைப் பூட்டி எல்லோரையும் உள்ளேயே வைத்துவிட்டார்களாம்; பஞ்சு மூட்டைமேல் படுத்திருந்தானாம். அவன் என்னைப் பார்த்தான், சுருண்டு கிடந்த இலையைப் பார்த்தான்.

"நேத்திக்குப் பாஸ் சொல்லாம இருந்துட்டேன் மாமி, கோச்சுக்காதேங்கோ."

அரிசியை மிச்சம் பிடிக்கப் போட்ட சட்டம்தான் அது. இப்போது அவன் "பாஸ்" என்று சொல்லிவிட்டுப் போனால் அரிசி மிச்சமாகிறது, நான்தான் வெறும் இலையைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.