கண்ணாடிப் பெட்டிக்குள் காபி வாசனை

டேலியா ஜெயித்தவை கொஞ்சமில்லை. ஒரு கால் குட்டை, கப்பல் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக்கொடுத்த மருத்துவரையே மறு வருடம் மாற்றி எழுத வைத்தாள். அலை எழுந்தாலே குடல் வாய்க்கு வருகிற உடம்பை வைத்துக்கொண்டு 'லெயோனோரா' கப்பலில் வருடக்கணக்காக அறை துடைத்தாள். சீட்டாட்டத்தில் தோற்றதே இல்லை என்று மார்தட்டிய தலைமைச் சமையல்காரரை அவருடைய மேசையிலேயே தோற்கடித்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், கலைக் கல்லூரிப் பட்டத்தோடு வந்தவர்களைத் தாண்டி, அந்தக் கப்பலின் இத்தாலிய வடிவமைப்பு அருங்காட்சியகத்துச் சாவியைக் கையில் வாங்கினாள்.

அந்தச் சாவி கைவிட்டுப் போகப் பார்த்தது, ஒரு காபி வாசனையால்.

வாசனையை முதலில் பிடித்தவள் அவளுடைய அக்கா ஓர்னெல்லா. கப்பலின் தையல் கூடத்துக்கு அவள்தான் தலைவி. ஒரு நூல் பிசகியிருந்தாலும் மொத்தத் தையலையும் பிரித்துப் பார்க்கிற ஆள். தங்கைக்காக மேலே வாக்குக் கொடுத்தவளும் அவள்தான். கோடை முழுக்கப் பார்ப்போம், நவம்பரில் கப்பல் ஜெனோவாவுக்குத் திரும்பும்போது வேலையை நிரந்தரம் செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஏதாவது தப்பு நடந்தால் டேலியா பெட்டியோடு அங்கேயே இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அருங்காட்சியகம் முன்பு சூதாட்டக் கூடமாக இருந்த இடம். கழுத்து வளைந்த விளக்கு, சிவப்புத் தட்டச்சுப் பொறி, ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் கப்பல் ஆடினாலும் அசையாதபடி மெழுகு வைத்தும் நைலான் நரம்பால் கட்டியும் நிறுத்தியிருந்தார்கள். நடுவில் பூட்டிய கண்ணாடிப் பெட்டி. அதற்குள் எட்டு முகம் கொண்ட அலுமினியக் காபிக் கெட்டில். எல்லார் வீட்டு அடுப்பிலும் நிற்கிற அதே கெட்டில்தான். ஆனால் இது முதல் அச்சில் வார்த்தது.

ஒரு வியாழக்கிழமை காலை திரைச்சீலை மாற்ற வந்த ஓர்னெல்லா வாசலிலேயே நின்றுவிட்டாள். பூட்டியிருந்த கூடத்தில் புதுக் காபி வாசனை. காபிக் கடை இரண்டு தளம் கீழே. அவள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கண்ணாடி லேசாகச் சூடாக இருந்ததுபோல் பட்டது. விளக்கின் சூடாகவும் இருக்கலாம்.

அதன்பின் அவள் கண் தங்கையை விட்டு நகரவில்லை. டேலியா கை கழுவினால் ஏன் கழுவுகிறாள் என்று பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை டேலியாவின் துடைப்ப வாளிக்குள் காகிதத்தில் சுருட்டிய காபிச் சக்கை கிடைத்தது.

"இது என்னடி?"

"சக்கைக்கா."

"அது எனக்குத் தெரியாதா? எந்தக் கெட்டில்ல போட்டது?"

டேலியா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அது கையில வந்தப்போ உள்ளே வெள்ளை பூக்க ஆரம்பிச்சிருந்துது. அம்மா என்ன சொல்வா? சும்மா வச்ச கெட்டில் சீக்காளி ஆயிடும்னு. அதான் ஞாயித்துக்கிழமை ஒரு தடவை காய்ச்சி, கொட்டிட்டு, வெறும் தண்ணியில அலசி வச்சிடுறேன். ஒரு வாய் குடிச்சதில்ல."

"பாலுக்குப் பூனையைக் காவல் வச்சேனே. வியாழக்கிழமையும் பண்ணினியே?"

"வியாழக்கிழமை நான் பண்ணல."

"எங்கிட்டயே பொய்யா?"

"நம்பாட்டி போ. வேற யாரோ காய்ச்சுறாங்க. ஞாயித்துக்கிழமை நான் தொறக்கறப்போ மேல் வடிகட்டியில தூள் அப்பியிருக்கு. குமிச்சுப் போட்டாத்தான் அப்படி அப்பும். நம்ம ஜெனோவாவுல எவ குமிச்சுப் போடுறா?"

ஓர்னெல்லா நம்பவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாருமே இன்னொருவரைத்தான் காட்டுவார்கள். ஆனாலும் மேலே சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தது அவள் அல்லவா.

கப்பல் ஜெனோவாவில் நின்ற வெள்ளிக்கிழமை, அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஸ்கோட்டோ இருவரையும் கூப்பிட்டார். நேப்பிள்ஸ்காரர், கையுறை போடாமல் ஒரு கரண்டியைக்கூடத் தொடாதவர். மேசையில் பராமரிப்புப் புத்தகம் விரிந்திருந்தது. தினமும் பொருள்களைப் பார்த்துச் சொல்வது டேலியா, அடியில் கையெழுத்துப் போடுவது ஸ்கோட்டோ. அதுதான் அங்கே வழக்கம்.

"டேலியா, சாவியை மேசைமேல வைங்க" என்றார். "அந்தக் கெட்டிலை யாரோ உபயோகிக்கிறாங்க. உள்ளே ஈரம். தூளை வழிச்சு மட்டமாப் போட்ட தடம் இருக்கு. இதை நான் மேலே சொல்லாம இருக்க முடியாது."

டேலியா சாவியை எடுத்தாள். ஆனால் மேசைமேல் வைக்கவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? கண்ணாடி வழியாப் பாத்தா கெட்டிலோட வெளிப்பக்கந்தானே தெரியும்? உள்ளே ஈரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்கோட்டோ பேனாவை மூடினார். திறந்தார்.

"பெட்டிக்கு இருக்கறதே ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு உங்ககிட்ட" என்றாள் டேலியா. "ஞாயித்துக்கிழமை நான்தான். ஒத்துக்கிறேன். வியாழக்கிழமை யாரு?"

ஓர்னெல்லா அவருடைய முகத்தைப் பார்த்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. பெரிய மனிதர் ஒருவர் இப்படிச் சிவந்ததை அவள் பார்த்ததில்லை.

"அலுமினியம்" என்று ஆரம்பித்தார் ஸ்கோட்டோ. பிறகு குரல் இறங்கிவிட்டது. "காயவிட்டா கெட்டுப்போயிடும். எங்கம்மா சொல்வாங்க. விதிப்படி தொடக்கூடாது. தொடாம இருக்கவும் முடியல. ஒவ்வொரு வியாழனும் தொறந்தா வேற யாரோ கை வச்சிருக்காங்க. இவ்வளவு நாளும் என்னன்னு சொல்லிப் புகார் கொடுக்கிறது? விவரம் தெரியாத எவனாவது சோப்புப் போட்டுக் கழுவி அதோட காபி ருசியையே அழிச்சிடுவானோன்னு எனக்குத் தூக்கமே போச்சு."

"சோப்பா? கெட்டிலுக்கா?" ஓர்னெல்லா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மட்டமாப் போட்டிருந்ததைப் பாத்தே நான் கண்டுபிடிச்சிருக்கணும்" என்றார் ஸ்கோட்டோ. "ஜெனோவாக்காரங்க காபியிலகூடக் கஞ்சத்தனம்."

"நீங்க மட்டும்? தூளைக் குமிச்சுக் கெட்டிலுக்குள்ள உங்க ஊரு வெசூவியஸ் எரிமலையையே கட்டுறீங்க" என்றாள் டேலியா.

அவர் சிரிக்கவில்லை. உதடு மட்டும் கோணியது. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து எழுதினார்: கெட்டிலைப் பேணுவதற்காக வாரம் இருமுறை காய்ச்சப்படுகிறது. வியாழன், பொறுப்பாளர். ஞாயிறு, காப்பாளர். வியாழன் என்ற வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தை டேலியாவின் பக்கம் திருப்பினார்.

"மேலே கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்து பதில் சொல்லுவோம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். கையெழுத்துப் போடுங்க. இனிமே நீங்க பாத்ததுக்கு நீங்கதான் போடணும்."

ஓர்னெல்லா தங்கையின் முழங்கையைப் பிடித்தாள். "இன்னிக்கு வேண்டாம்டி. வெள்ளிக்கிழமை, அதுவும் பதினேழாந்தேதி, இத்தாலியில இதைவிட ராசிகெட்ட நாள் உண்டா? இந்த நாள்ல கல்யாணம் வைப்பாங்களா, கப்பல் ஏறுவாங்களா? நாளைக்குக் காலையில போடு."

"நாளைக்கு இவரு மனசு மாறிட்டா?"

ஓர்னெல்லா ஸ்கோட்டோவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பிடியை விட்டாள்.

அருங்காட்சியகத்தின் புத்தகத்தில் டேலியா ஸ்கியாஃபீனோ முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 2017 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை.