ரமா கண்டெடுத்த சேஃப்டி

ரமாவுக்கு நாற்பத்தாறு வயது. லண்டன் டூட்டிங்கில் ஒற்றைப் படுக்கையறை வீடொன்றில் தனியாக இருந்தாள். ஊரிலிருந்து தம்பியைக் கூப்பிட்டு, தங்கச்சியைக் கூப்பிட்டு, இருவருக்கும் கலியாணம் செய்துவைத்து முடிக்கையில் அவளுக்கு நாற்பது கடந்திருந்தது. அதைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ஊரார் கேட்பதை நிறுத்தியது நிம்மதியாகக்கூட இருந்தது.

அவளுக்கு ஒரு பஸ் கம்பனியில் கொன்ட்ரோலர் வேலை. திரையில் பஸ்களெல்லாம் சின்னப் பெட்டிகளாக நகரும். மூன்று பஸ் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போகப்போகின்றன என்பது, ஒட்டுவதற்குப் பத்து நிமிடம் முந்தியே அவளுக்குத் தெரிந்துவிடும். நடுவில் வருகிற சாரதியை ரேடியோவில் கூப்பிட்டு, "அடுத்த தரிப்பில் இரண்டு நிமிடம் நில்லுங்கள்" என்பாள். பயணிகள் சாரதியைத் திட்டுவார்கள். ரமாவை யாருக்கும் தெரியாது.

ஏழு வருடங்களுக்கு முன் ஓர் ஒக்டோபரில், கூட வேலை செய்யும் ஏஞ்சலாவின் கணவனுக்குக் காய்ச்சல் வந்தது. அவனுடைய டிக்கெட் வீணாகக்கூடாதென்று ஏஞ்சலா ரமாவை வெம்பிளிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அமெரிக்கன் ஃபுட்போல். மேல்தட்டு இருக்கையிலிருந்து பார்த்தபோது ரமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருபத்திரண்டு பேர் முட்டினார்கள், விழுந்தார்கள், எழும்பினார்கள். ஆனால் ஒருவன் மட்டும் எல்லாருக்கும் பின்னால் தனியே நின்றான். மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான், கையைக் காட்டினான். பந்து எறியப்படுவதற்கு முன்பே அது விழப்போகிற இடத்துக்கு நடக்கத் தொடங்கினான்.

"அவன் யார்?" என்று கேட்டாள்.

"சேஃப்டி. அவன் பிழைவிட்டால் அவனுக்குப் பின்னால் காப்பாற்ற ஒருவரும் இல்லை" என்றாள் ஏஞ்சலா.

ரமா தன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது தன்னுடைய வேலையல்லவா!

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினாள். சேஃப்டிகளை மட்டும்தான் பார்த்தாள். பந்து எங்கே போனாலும் அவளுக்குக் கவலையில்லை. யார் முதல் அடியைச் சரியான பக்கம் வைக்கிறான், யார் பொய்ச் சைகைக்கு மயங்குகிறான், யார் ஓடுகிறவனை மறிக்க நேர் வழியை விட்டுக் குறுக்கு வழியைப் பிடிக்கிறான் என்று எழுதி வைத்தாள். தொழில்முறை அணிகள் வருடந்தோறும் ஏப்ரலில் கல்லூரி வீரர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்டுக்கு முன், லண்டன் ரசிகர் கழகம் ஒன்று அவளுடைய குறிப்புகளைத் தன் இணையத்தளத்தில் போட்டது. "சேஃப்டி என்றால் ரமாவிடம் கேள்" என்று அங்கே ஒரு பேச்சே இருந்தது.

இந்த வருடம் ஜனவரியில், குரோய்டனில் ஒரு பப்பின் மேல்மாடியில் கழகத்தின் கூட்டம். முப்பது பேருக்கு முன்னால் ரமா எழுந்து நின்று, ஒகாயோ மாநிலத்தின் சின்னக் கல்லூரி ஒன்றின் கெண்டல் ஒக்ஸ்லி என்ற பெடியனைப் பற்றிப் பேசினாள். யாரும் கேள்விப்படாத பெயர். பதினொரு ஆட்டங்களில் எழுநூறு தடவை களத்தில் நின்றிருக்கிறான், முதல் அடி பிழைத்தது ஒன்பதே ஒன்பது தடவை என்றாள்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "ஆள் மெது" என்றது ஆங்கிலத்தில் ஒரு குரல். பிறகு அதே குரல் தமிழில், "தங்கச்சி, குறை நினையாதேங்கோ. அவன் ஆமை" என்றது.

அதுதான் வாமதேவன். ஐம்பது வயது, எலக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்தவன். அங்கே அமெரிக்க இராணுவ முகாம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தபோது, சிப்பாய்களோடு சேர்ந்து இந்த ஆட்டத்தைப் பழகினான். மனைவியோடு ஒத்துவராமல் பிரிந்து, விவாகரத்துக் கடதாசியெல்லாம் முடித்து, எட்டு வருடங்களுக்கு முன் குரோய்டனுக்கு வந்தவன்.

"ஆமையோ? நீங்கள் எத்தினை ஆட்டம் பாத்தனீங்கள், அண்ணை?"

"ரெண்டு."

"நான் பதினொண்டும் பாத்தனான். சனிக்கிழமை டூட்டிங்கில றோஸ்மலரின்ர சாப்பாட்டுக் கடைக்கு வாங்கோ, காட்டுறன்."

சொன்ன பிறகுதான், முன்பின் தெரியாத ஓர் ஆளைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

அவன் வந்தான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான். றோஸ்மலரின் கடையில், கண்ணாடியோரத்து மேசையில், உழுந்து வடைத் தட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு டாப்லெட்டை நிறுத்திவைத்துச் சண்டைபிடித்தார்கள். அவன் படத்தை நிறுத்தி, "பாருங்கோ, இதில விட்டிட்டான்" என்பான். அவள் இரண்டு செக்கன் பின்னால் இழுத்து, "ஆர் விட்டது? பக்கத்தில நிண்டவன் விட்டது. இவன் ரெண்டு பேற்ற வேலையைச் செய்யிறான்" என்பாள்.

மார்ச் நடுவில் ஒக்ஸ்லியின் கல்லூரியில் வேகத்தை அளக்க நாற்பது யார்ட் ஓட்டம் வைத்தார்கள். நாலு தசம் ஆறு எட்டுச் செக்கன். சேஃப்டிக்கு அது மெதுதான். வாமதேவன் அந்தச் சனிக்கிழமை மன்னன் மாதிரி வந்து உட்கார்ந்தான்.

"உயரம் ஆறடி ஒண்டு. வயசு இருபத்திரண்டு. தாய் ரீச்சர், நல்ல குடும்பம். ஒரு கெட்ட பழக்கமும் இல்லை" என்று ரமா விடாமல் அடுக்கினாள்.

"எல்லாம் சரி. ஆனா மெது."

"மெதுவெண்டு சொல்லாதேங்கோ. நிதானம்."

"முழங்காலில ஒப்பரேசன் வேற."

"அது பள்ளிக்கூடத்தில படிக்கேக்க. இப்ப ஒரு குறையும் இல்லை. ஆரும் இவனைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்."

தேத்தண்ணி கொண்டுவந்த றோஸ்மலர் மேசையருகே அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, குறுக்க கதைக்கிறனெண்டு நினையாதேங்கோ. எட்மண்டனில எனக்கொரு பெறாமகள் இருக்கிறாள், எங்கட அக்காவின்ர மகள். இருபத்தொண்டு. பெடியனுக்கு விசா இருக்கோ?"

வாமதேவன் முகத்தை மாற்றாமல், "அமெரிக்கன் சிற்றிசன்" என்றான்.

"ஐயோ, பிறகென்ன! மெதுவா நடந்தா நடந்திட்டுப் போகட்டுமே!"

ரமாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது. வாமதேவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். விசயத்தை விளங்கப்படுத்தப் பத்து நிமிடம் பிடித்தது. எல்லாம் கேட்டு முடித்த றோஸ்மலர், டாப்லெட்டைப் பார்த்தாள், ரமாவைப் பார்த்தாள், வாமதேவனைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமில்லையே?"

இருவரும் ஒரே நேரத்தில் வடையை எடுத்தார்கள். அன்றைக்குப் பிறகு ரமா அவனை அண்ணை என்று கூப்பிடவில்லை. அவனும் தங்கச்சியை விட்டுவிட்டான்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, டிராஃப்டின் மூன்றாம் நாள். லண்டன் நேரம் மாலை ஐந்து மணிக்கு நாலாம் சுற்றுத் தொடங்கியது. றோஸ்மலர் கடை டீவியில் ஓடிக்கொண்டிருந்த நாடகத்தை நிறுத்திவிட்டு அதைப் போட்டுவிட்டாள். கொத்துரொட்டிக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவளே விளக்கம் சொன்னாள்: "எங்கட பெடியன் ஒருத்தன் இண்டைக்கு எடுபடப்போறான். பேசாமல் இருந்து பாருங்கோ."

நாலாம் சுற்றில் ஐந்து சேஃப்டிகள் போனார்கள். ஒக்ஸ்லி இல்லை. ரமாவின் கொத்து ஆறிப்போனது. மேசைக்கடியில் வாமதேவனின் கால் பெருவிரல் நிலத்தைத் தட்டிக்கொண்டேயிருந்தது. ஐந்தாம் சுற்றும் பாதி முடிந்தது. வெளியே இன்னும் வெளிச்சம். ஏழே முக்காலுக்கு மேடையில் ஒருவர் அட்டையை எடுத்து வாசித்தார்.

"கெண்டல் ஒக்ஸ்லி. சேஃப்டி."

ரமா போட்ட கூச்சலில் குசினிக்குள் எதுவோ விழுந்து உடைந்தது. கடையில் இருந்த அத்தனை பேரும், ஏன் என்று தெரியாமலே கைதட்டினார்கள். ஒரு கிழவர் எழுந்துவந்து ரமாவுக்குக் கைகொடுத்து, "வாழ்த்துக்கள் பிள்ளை" என்றார். ஆனால் எல்லாரையும்விட உயரத் துள்ளியது வாமதேவன். கதிரையைத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளினான். றோஸ்மலரைக் கட்டிப்பிடிக்கப் போய், அவள் கையில் சூடான தாச்சியைக் கண்டு விலகினான்.

ரமா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் தோத்துப்போனீங்கள். ஏன் இப்பிடிச் சந்தோசப்படுறியள்?"

"நான் மார்ச்சிலயே தோத்துப்போனன்" என்றான் மூச்சுவாங்க. "அந்த ஓட்டம் முடிஞ்ச கிழமை பதினொரு ஆட்டத்தையும் வீட்டில இருந்து பாத்தனான். நீங்கள் சொன்னதுதான் சரி. ஒரு சொல்லுப் பிழையில்லை."

"அப்ப ஏன் பிறகும் ஆறு சனிக்கிழமை என்னோட சண்டை பிடிச்சனீங்கள்?"

"ஒத்துக்கொண்டா, பிறகு இஞ்ச வாறதுக்கு என்ன சாட்டுச் சொல்லுறது?"

கொத்துப் போடுகிற சத்தம் திடீரென்று நின்றது. றோஸ்மலர் குசினிக்குக் கையைக் காட்டி நிறுத்தியிருந்தாள்.

"நாளைக்குச் சொல்லுறன்" என்றாள் ரமா. அவன் எதையும் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அப்பர் டூட்டிங் ரோட்டில் புடவைக்கடைகளைத் தாண்டி, மரக்கறிக்கடைகளைத் தாண்டி, டூட்டிங் பெக் ஸ்டேஷனைத் தாண்டி நடந்துகொண்டேயிருந்தாள். காற்று முகத்தில் அடித்தது. ஒக்ஸ்லியின் தாய் இப்போது அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது. எதிரே வந்த பெண்ணொருத்தி, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று எண்ணித் தானும் சிரித்துவிட்டுப் போனாள். நிமிர்ந்து பார்த்தால் பால்ஹாம் ஸ்டேஷன். வீடு இருந்தது நேர் எதிர்ப்பக்கம்.

ஃபோனை எடுத்தாள்.

"நாளைக்கெண்டு சொன்னனான். ஏலாமல் கிடக்கு. இப்பவே சொல்லுறன். ஓம்."

"எதுக்கு ஓம்?" என்றான் வாமதேவன்.

"நீங்கள் கேக்கப்போறதுக்கு."

ஓகஸ்ட் கடைசிக் கிழமை அணிகள் ஆட்களைக் குறைத்தன. ஒக்ஸ்லி தப்பினான். இறுதி அணியின் ஐம்பத்து மூன்று பேரில் ஒருவன். அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை குரோய்டனில் பதிவுத் திருமணம். எட்மண்டனிலிருந்து ரமாவின் தம்பி யோகராஜா கோட் போட்டுக்கொண்டு வந்தான். றோஸ்மலர் மூன்று தட்டு வடையோடு வந்தாள். பதிவாளர் அம்மா, மணமகன் சொல்ல வேண்டியதைச் சொல்லச் சொன்னார். வாமதேவன் திறமான ஆங்கிலத்தில் தொடங்கி, நடுவில் ஜெர்மனுக்கு மாறிப்போனான். ரமாவுக்குச் சிரிப்பு வெடித்தது. அவள் சிரிக்க அவனும் சிரித்தான். பதிவாளர் பொறுமையாக நிறுத்தி, தண்ணீர் வரவழைத்து, இன்னொரு தடவை தொடங்கினார். இந்தத் தடவை ரமாவின் முறை வந்தபோது, பின்வரிசையில் யோகராஜா றோஸ்மலரிடம், "அக்கா, இவை எங்க சந்திச்சவை?" என்று கேட்பதும், றோஸ்மலர், "தம்பி, அது ஒரு அமெரிக்கப் பெடியனுக்கு வரன் பாக்கப்போய்..." என்று தொடங்குவதும் தெளிவாகக் கேட்டது.

மூன்றாவது தடவைதான் கையெழுத்து வரை போக முடிந்தது. பதிவாளரும் அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.