இடது ஓரத்துக்கு வந்த பந்து

இன்று காலை மைதானத்தில், என் காலடிக்கு ஒரு பந்து வந்தது!

(ஆறாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

மஞ்சூர் பக்கம் எங்கள் எஸ்டேட் ஹாக்கி டீமில் அவர் லெஃப்ட் அவுட். இடது ஓரமாக ஓடுகிற ஆள். முட்டி தேய்ந்த பிறகும் அதே ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருப்பார்.

இது வெள்ளைக்காரன் காலத்து டீம். அப்போதிருந்த துரைக்கு ஹாக்கிப் பைத்தியம். மட்டை பிடிக்கத் தெரிந்தால் ஃபேக்டரியில் வேலை, ஆடினால் தனிக் கூலி. (அப்போதே புரொஃபஷனல் டீம்!)

உறைபனியில் செடி கருகினால் கொழுந்து கிடையாது. அன்றைக்கு ஆட்டம். வெள்ளை வெளேரென்ற புல்லில், வெறுங்காலில்!

டிவியில் ஐஸ் ஹாக்கி ஓடினால் இவர் சிரிப்பார். "எங்கப்பன் ஆடாத ஐஸா புள்ள? இவனுகளுக்குக் கால்ல செருப்பு வேற, அதுல கத்தி வேற!"

அந்த அப்பா, என் மாமனார், டீமில் ஃபுல் பேக். அவருடைய கூட்டாளி மாரி லெஃப்ட் அவுட். க்ளப் துரைமாரோடு ஆட வேண்டிய வாரத்தில் மாரி காய்ச்சலில் செத்துப்போனார்.

துரை தன் தம்பியைக் கூட்டிவந்து நிறுத்தினாராம்.

"மாரி இடம், என் தம்பி ஆடும்."

"வேண்டாமுங்க தொரை. இன்னைக்கு அது அவன் இடமுங்க," என்றாராம் மாமனார்.

"பதினோரு ஆளுக்கு பத்து ஆள்? தோத்துப் போகும், மேன்!"

"தோத்துட்டுப் போறமுங்க."

துரையிடம் அப்படிப் பேசினால் வேலையும் போகும், குடியிருக்கிற லைன் வீடும் போகும்.

மாமனார் முதல் பந்தை ஆளில்லாத இடது ஓரத்துக்கு அடித்தார். எதிர் டீமும் ஏனோ ஓடவில்லை. தேயிலை ஓரம் நின்ற மாரியின் சம்சாரம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஆட்டம்.

செமத் தோல்வி! துரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாராம்.

ஆனால் அடுத்து டீமில் ஒருவர் இறந்தபோது துரையே கேட்டாராம், "இன்னிக்கி பத்து ஆள்தானே?"

அன்று முதல், டீமில் ஆடிய யார் போனாலும் அடுத்த ஆட்டம் பத்துப் பேர்தான்.

இன்று அந்த அடுத்த ஆட்டம். ஆனால் ஃபைனல்!

பையன்களில் பாதிப் பேர் கூடலூர்ப் பக்கமிருந்து வந்த புதுப் பிள்ளைகள். என் வீட்டுக்காரர் ஆடி அவர்கள் பார்த்ததே இல்லை. அவருக்காகத் தோற்றுப்போங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

நாத்தனார் வேறு. "காரியம் முடிஞ்ச கையோட பந்தாட்டம் பாக்கப் போறீங்களா அண்ணி?"

"உங்கண்ணனுக்கு இடம் இருக்கான்னு பாத்துட்டு வந்தர்றேன்."

போனேன். அவர் நிற்கிற ஓரத்திலேயே நின்றேன். எண்ணிப் பார்க்கப் பயம். எண்ணினேன்.

பத்து!

கேப்டன் பையன் அடித்த பந்து பனியில் வழுக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. ஒருவரும் ஓடவில்லை. எடுத்து முந்தானையில் பொத்திக்கொண்டேன். கொடுக்கக் கை வரவில்லை.

பையன் பக்கத்தில் வந்தான். "பெரிம்மா, நீங்க குடுத்தாத்தானுங்க ஆட்டம்."

"குடுத்துட்டா அவரு போயிருவாரே சாமி."

அவன் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டான். "மெதுவா குடுங்க. நாங்க நிக்கறம்."

நின்றார்கள். எதிர் டீமும் சேர்ந்து, அந்தக் குளிரில்.

கடைசியில் பந்தைக் கீழே வைத்து, காலால் ஒரு உதை உதைத்தேன்.

ஃபைனல் போயே போச்சு. அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை போதாது.

ஆனால் ஒன்று. ஹாக்கியில் காலில் பந்து பட்டால் ஃபவுல். அந்த ஓரத்தில் நின்று ஆயுசு முழுக்க "ஃபவுல்! ஃபவுல்!" என்று கத்தியவர் இவர்.

இன்று யாரும் கத்தவில்லை.

அவர் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.