லாரி பேட்டரியை நம்பி ஆற்றில் இறங்கியவன்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பரமத்தி வேலூர் பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வெற்றிலையும் வாழையும் போட்டிருப்பவர். யாரோ கழித்துவிட்ட ஒரு சின்ன ஃபைபர் படகைச் சல்லிசாக வாங்கி ஆற்றோரம் கட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

நான் நாமக்கல்லில் லாரி பேட்டரி கடை வைத்திருக்கிறேன். ஆகவே கரண்டில் ஓடுகிற படகு மோட்டார் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து, கடையிலிருந்தே ஒரு லாரி பேட்டரியையும் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். மோட்டாரைப் படகின் பின்னால் மாட்டி, ஒயரைக் கொடுத்து, கைப்பிடியைத் திருகினால் போதும். டீசல் நாற்றம் இல்லை, புகை இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போகும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்று மச்சான் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். பேட்டரி நூறு ஏ.ஹெச்., அதாவது ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் நூறு மணி நேரம் தரும். மோட்டார் முழு வேகத்தில் முப்பது ஆம்பியர் இழுக்கும். நூறை முப்பதால் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகிறது. போக ஒன்றரை, வர ஒன்றரை. லோடு லாரியையே உலுக்கிக் கிளப்புகிற பேட்டரிக்கு இரண்டு பேர் உட்கார்ந்த படகு ஒரு பொருட்டா?

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு துடுப்பை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. பேட்டரிக்காரன் துடுப்போடு போனால் ஊர் என்ன நினைக்கும்? லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தது. பெருந்தன்மையோடு அதை நானே போட்டுக்கொண்டேன். என் மனைவி அந்த ஆற்றில் நீந்தி வளர்ந்தவள். நான் நீந்தினால் கல்லுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

நானும் அவளும் மட்டும் தண்ணீர் போகிற பக்கமே போனோம். படகு பறந்தது. நடு ஆற்றில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. முழு வேகத்தில் அதைச் சுற்றி ஒரு வட்டம், செல்ஃபி எடுக்க இன்னொரு வட்டம், எடுத்த செல்ஃபியில் என் தொப்பை விழுந்துவிட்டதால் மறுபடி ஒரு வட்டம். பிறகு, போதும் என்று திருப்பினேன்.

திருப்பியதும் ஆறு வேறு ஆறாகிவிட்டது. முழு வேகத்தில் வைத்தும் கரையிலிருந்த வேப்பமரம் அதே இடத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் மோட்டாரின் சத்தம் மெலிந்தது, முனகியது, நின்றது. மணியைப் பார்த்தேன். என் கணக்குப்படி இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும்.

படகு மெல்லத் திரும்பி, வாலை முன்னே நீட்டிக்கொண்டு கீழ்ப்பக்கம் நகர ஆரம்பித்தது. கீழ்ப்பக்கம் இருப்பது கதவணை. அங்கே மதகு வழியாகத் தண்ணீர் விழும் இரைச்சல் அதுவரை என் காதில் விழவில்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் விழவில்லை.

அதன் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை என் மனைவி சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நடித்தே காட்டிவிட்டாள். அதனால் மறைத்துப் பயனில்லை. கைப்பிடியை முன்னும் பின்னும் திருகினேன். பேட்டரியைக் காலால் தட்டினேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். அவரும் சந்தோஷமாகக் கையாட்டினார். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். இரைச்சல் கூடக்கூட மாலை இரண்டாகி, மூன்றாகி, வெண்ணெய்க் காப்பு வரைக்கும் போய்விட்டது. நடுநடுவே கைப்பிடியையும் திருகிக்கொண்டே இருந்தேன்.

மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, நடு ரோட்டுல வண்டி நின்னு போச்சுன்னு போன் பண்ற டிரைவருங்ககிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க?"

அவளே என் குரலில் சொன்னாள்.

"செல்ஃப் ஸ்டார்ட்டப் போட்டு அடிச்சே கொன்னுபோடாத சாமி. கையெடு. லைட்டு, பாட்டு எல்லாத்தையும் ஆஃப் பண்ணு. பேட்டரி கொஞ்சம் மூச்சு உடட்டும்." பிறகு தன் குரலுக்குத் திரும்பினாள். "தெனமும் கடையில உக்காந்து கேட்டுக்கேட்டு எனக்கே மனப்பாடமுங்க."

கையெடுத்தேன். அதற்குள் அவள் உட்காரும் பலகையைப் பெயர்த்து ஒரு பக்கம் துடுப்பு மாதிரி வலிக்க ஆரம்பித்திருந்தாள். இன்னொரு பக்கம் என்னைச் செருப்பால் வலிக்கச் சொன்னாள். பொங்கலுக்கு வாங்கிய புதுச் செருப்பு. இரண்டையும் கையில் மாட்டிக்கொண்டு வலித்தேன் பாருங்கள், அந்த வேகத்தை எந்தக் கம்பெனி மோட்டாராலும் தர முடியாது. எப்படியோ கரையோரம் இருந்த கோரைப் புதருக்குள் படகின் மூக்கு நுழைந்தது. என் தோள் துண்டால் இறுக்கிக் கட்டினோம்.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் மூளையும் திரும்பி வந்தது. லாரி பேட்டரி கிளப்பி விடுவதற்கென்றே செய்தது. வண்டி கிளம்பும்வரை கொஞ்ச நேரம் முக்கிவிட்டு, அப்புறம் ஓடுகிற வழியெல்லாம் டைனமோ ஊட்டிவிடுவதைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி. அதைப் போய் விடாமல் உழைக்கச் சொன்னால் மேலே எழுதியிருக்கும் ஏ.ஹெச்.சில் பாதி கிடைத்தாலே பெரிது. அந்தப் பாதியையும் முழு வேகத்தில் உறிஞ்சினால் இன்னும் குறையும். போதாததற்கு, ஆற்றையும் நான் சேலம் ரோடு என்று நினைத்துவிட்டேன். ரோட்டில் போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்று. ஆற்றில் ஒன்றா?

ரொம்ப நேரம் கழித்து, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் கைப்பிடியைத் திருகினேன். மோட்டார் மெதுவாக முனகிக்கொண்டு சுற்றியது. அந்த முனகலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் சிரிக்காதீர்கள். இழுப்பு குறைவான கரையை ஒட்டியே ஊர்ந்தோம். தண்ணீரில் கிடந்த ஒரு எருமை எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முந்திக்கொண்டு கரையேறிப் போனது. பேட்டரி மறுபடி களைத்தபோது கோரையைப் பிடித்து இழுத்து இழுத்தே மச்சானின் துறைக்கு வந்து சேர்ந்தோம். ஈர மண்ணில் கால் பட்டதும் அங்கேயே படுத்துவிடலாம் போலிருந்தது.

மச்சான் கயிற்றை வாங்கிக் கட்டினார். பலகை பெயர்ந்திருப்பதையும், என் கையிலிருந்த ஈரச் செருப்பையும் பார்த்தார்.

"என்ன மாப்ள, பேட்டரி தாங்குச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "அது தாங்குச்சுண்ணா. இவருதான் தாங்கல."

மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். கதவணை இரைச்சல் அங்கே கேட்கவில்லை.

வேண்டியதை வேண்டியபடியே செய்துவிட்டேன், வெண்ணெய்க் காப்பு உட்பட. படகுக்கென்றே தனிப் பேட்டரி வாங்கியாகிவிட்டது. வருகிற கணக்கில் பாதியை மட்டும் நம்பி, அதிலும் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுகிறோம். துடுப்பு இல்லாமல் ஏறுவதில்லை. ஆனாலும் எனக்கு அன்று ஆற்றில் தீர்ந்துபோனது பேட்டரி மட்டுமில்லை. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன பேச்சு எனக்கே தேவைப்பட்டபோது என்னிடம் இல்லை, எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம்தான் பத்திரமாக இருந்தது. இப்போதெல்லாம் வாழ்க்கையில் எது பாதியில் நின்றாலும், முதலில் கையை எடுத்துவிட்டு அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன்.