அக்கா உட்காராத வீடு

டிங்கருக்கு அவன் அக்கா மேல் இரண்டு மனத்தாங்கல். ஒன்றை எல்லோரிடமும் சொல்லுவான். இன்னொன்றைப் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

எல்லோரிடமும் சொல்வது இது. கூடப் பிறந்தவள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவள், அவன் வீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. வருவாள். நிலைப்படிக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். தண்ணீர் கொடுத்தால் நின்றபடியே குடிப்பாள். உட்காரச் சொன்னால், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்பாள். அவன் மகள் பிறந்த சமயம் வந்து எட்டிப் பார்த்தாள். கையில் வாங்கவில்லை. இவளுக்கென்றே கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி வாங்கிப் போட்டான். அதில் துணிமணி குவிந்ததுதான் மிச்சம். "தகரம் தட்டுறவன் வீட்டு நாற்காலி அம்மணிக்கு ஆகாது போல" என்று பட்டறையில் டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கினதில்லை.

அடிபட்டு நசுங்கி வரும் வண்டிகளைத் தட்டி நேராக்குவது அவன் பிழைப்பு. நாள் முழுக்கத் தகரச் சத்தத்தில் நிற்கிறவனுக்குக் காது பாதி போய்விட்டது, குரல் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. சௌக்கியமா என்று அவன் கேட்டாலே எதிரே நிற்கிறவன் ஓரடி பின்னால் போவான். ஆஸ்பத்திரியோ ஆபீசோ, அவன் போய் நின்றால் வேலை நடக்கும் என்று தெருவில் ஒரு பேர் உண்டு. அந்தக் குரலை அவன் அக்கா ஒரு தடவை அடைத்தாள். அதுதான் அந்த இரண்டாவது மனத்தாங்கல்.

அக்காவை அந்த நாளில் கத்திரி என்று கூப்பிடுவார்கள். தையல்காரி என்பதால் பாதி, வாயால் பாதி. ஜன்னல் ஓரத்தில் மெஷினைப் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டாள். ரவிக்கை இறுக்குகிறது என்று ஒருத்தி சண்டைக்கு வந்தால், "துணி சுருங்கலக்கா, போன மாசம் அளவு குடுத்தவங்க வேற ஆளு" என்று தலை நிமிராமலே சொல்லுவாள். வந்தவளும் சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். அவள் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வெளிப்பக்கம் மாதிரியே இருக்கும். ஓரத்துக்கு இரட்டைத் தையல், மூலைகளை வளைத்து உருட்டிவிடுவாள். தம்பியைப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். முதல் நாள் அவன் போட்டுப்போன காக்கிச் சட்டை அவள் தைத்தது.

கல்யாணமாகி மறு வருஷம் அவளுக்குப் பிரசவம். வலி எடுத்ததும் புருஷனும் தம்பியுமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிரசவ அறைக்குள் சொந்தக்காரர் யாரும் போகக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு. கதவின் கண்ணாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். புருஷன்காரன் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கி வழிந்தான். டிங்கர் கதவோடு கதவாக நின்றான். அப்போது அவனுக்குக் காது நன்றாக இருந்த காலம். அக்கா அழுவதும் கேட்டது, அவளைத் திட்டுவதும் கேட்டது. பெற்றுக்கொள்ளத் தெரியாதவள் ஏன் வந்தாய் என்று ஒரு குரல். வாயை மூடாவிட்டால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று இன்னொரு குரல். ஒரு பகல் போய், ராத்திரி போய், மறுபடியும் விடிந்தது. பெரிய டாக்டர் வருகிறார், வருகிறார் என்றார்களே தவிர யாரும் வரவில்லை.

டிங்கர் பொறுத்துப் பார்த்தான். பிறகு கதவைத் தட்டினான். யாராவது பார்க்கிறீர்களா இல்லையா என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினான். காவல்காரன் வந்து சட்டையைப் பிடித்தான். இவன் காவல்காரன் சட்டையைப் பிடித்தான். அந்த நேரம் உள்ளேயிருந்து ஆயா ஒருத்தி வெளியே வந்தாள்.

"யாருப்பா தம்பி? உங்க அக்கா சொல்லச் சொன்னாங்க. வாயை மூடிக்கிட்டுக் கீழ போய் உட்காருவியாம்."

இதை அவன் நம்பவில்லை. ஆயா கதவை லேசாகத் திறந்து பிடித்தாள். உள்ளேயிருந்து அக்காவின் குரலே வந்தது. "போடா. போய்த் தொலை."

போனான். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் குந்தி உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மாடியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார்கள். குழந்தையை முகத்தையும் சேர்த்து மூடிக் கையில் கொடுத்தார்கள். ஆண் பிள்ளை. தூக்கிக்கொண்டு படி இறங்கியவனும் அவன்தான்.

நான் விடாமல் கத்தியிருந்தால் டாக்டர் வந்திருப்பார், பிள்ளை பிழைத்திருக்கும், இவள்தான் கெடுத்தாள். இப்படி ஒரு நினைப்பு அவன் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் இதைக் கேட்க முடியுமா? கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்கா வேறு ஆளாக இருந்தாள். மெஷினை உறை போட்டு மூடினாள். கொஞ்ச நாளில் தெரிந்தவள் ஒருத்தியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் கொட்டகை ஒன்று பின் தெருவில் இருந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல கைத்தொழிலை விட்டுவிட்டு யாராவது அழுக்குத் துணியில் போய் நிற்பார்களா என்று டிங்கர் குதித்தான். புருஷன் வேலை தேடி வெளியூர் போனான். அங்கேயே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டான் என்று பிறகு சேதி வந்தது. அதற்கும் அவள் அழுததாகத் தெரியவில்லை. "போகட்டும், ரெண்டு தட்டு கழுவுறது ஒரு தட்டாச்சு" என்றாள்.

கொட்டகையை ஒட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒற்றை அறை. அதில்தான் அவள் காலம் போனது. பஸ் ஏற மாட்டாள், எங்கே போனாலும் நடைதான். சினிமா இல்லை, கோயில் இல்லை. டிங்கர் கல்யாணத்துக்கு வந்தாள். மண்டபத்து வாசல் தூண் ஓரம் நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் போனாள். அவன் மகள் கல்யாணத்திலும் அதே தூண் ஓரம், அதே கதை. திமிர் என்றார்கள் சிலர். பிள்ளை போன ஏக்கம் என்றார்கள் சிலர். பண்டிகை நாளில் தெருவே ஆளும் பேருமாக இருக்கும்போது, கொட்டகைக்குள் அவள் ஒருத்தி மட்டும் தொட்டியில் துணி அலசும் சத்தம் கேட்கும். கத்திரி என்ற பேர் போய், அங்கே வேலை செய்த பெண்கள் அவளை "நிக்கிற அக்கா" என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார, இவள் மட்டும் சுவரில் சாய்ந்து நின்று சாப்பிடுவாளாம்.

அவன் மகளுக்கு இப்போது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அத்தைக்காரி அடிக்கடி வந்து நிலைப்படியில் நிற்க ஆரம்பித்தாள். மருமகள் வயிற்றைப் பார்ப்பாள், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பாள், போய்விடுவாள். திரும்ப வந்து அதையே கேட்பாள். ஒரு வாரமாக ஆளைக் காணவில்லையே என்று டிங்கர் நினைத்துக்கொண்டிருந்தபோது, கொட்டகையிலிருந்து ஒருத்தி வந்து, நிக்கிற அக்கா காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறாள் என்று சொன்னாள்.

அக்கா படுத்திருக்கிறாள் என்பதே அவனுக்குப் புதுச் சேதி. பட்டறை உடுப்போடு ஓடினான்.

அந்த அறைக்குள் அவன் அதற்கு முன் கால் வைத்ததில்லை. அவளும் யாரையும் விட்டதில்லை. ப்ளீச்சிங் பவுடர் வாசனை மூக்கை அறுத்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. கட்டிலில் ரப்பர் விரிப்பு, அதன் மேல் அக்கா. அறையின் குறுக்கே கொடி கட்டி, கை அகலத் துணிகள் வரிசையாகக் காய்ந்தன. சுவர் ஓரம் அதே மாதிரித் துணிகள் அடுக்கடுக்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. இவ்வளவும் என்ன என்று ஒன்றைக் கையில் எடுத்தான். பழைய விரிப்புத் துணியை நாலைந்து மடிப்பாக வைத்துத் தைத்தது. ஓரத்துக்கு இரட்டைத் தையல். மூலை நான்கும் வளைத்து உருட்டியது. மெஷின் இல்லை, எல்லாம் கைத்தையல். உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தெரியவில்லை.

"கீழ வைடா அதை" என்றாள் அக்கா.

வைக்கவில்லை. என்ன இது என்று கேட்டான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவருக்குச் சொல்வது போலத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை வழியில் மாட்டிக்கொண்டு அத்தனை நேரம் கிடந்ததில் உள்ளே எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது. அன்றையிலிருந்து மூத்திரம் நிற்பதில்லை. உட்கார்ந்தாலும் ஒழுகும், படுத்தாலும் ஒழுகும். உட்கார்ந்த இடம் நனைந்துவிடும், எழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். மெஷின் முன்னால் எப்படி உட்கார முடியும்? துவைக்கிற கொட்டகையில் எல்லாப் பெண்களுக்கும் இடுப்புக்குக் கீழே ஈரம். அங்கே இவள் ஈரத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால் அங்கே போனாள்.

"கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும், தானா நின்னுடும்னு சொல்லி அனுப்பினாங்க. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"தம்பிகிட்ட சொல்ற விஷயமாடா இது?" என்றாள். "உன் பொண்ணைத் தூக்கணும்னு எவ்வளவு ஆசை தெரியுமா? ஈர மடியில பச்சைப் பிள்ளைய எப்படிடா வைப்பேன்?" என்றாள்.

அவன் கையிலிருந்த துணியை மடித்தபடியே வைத்தான். பிறகு, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டான்.

"அன்னைக்கு ஏன் என் வாயை அடைச்ச?"

"நீ வெளிய கத்தினா, உள்ள எனக்கு விழுந்துச்சு. உன் தம்பி ரவுடியாமே, அவனே வந்து பிரசவம் பார்க்கட்டும்னு தள்ளிப் போய் நின்னுக்கிட்டாங்க. நீ அடங்கினா வருவாங்கன்னு நெனச்சேன். நானும் சத்தம் போடறத நிறுத்தினேன். இப்பத்தான் நல்ல பொண்ணுன்னாங்க. அப்புறம் நல்ல பொண்ணு பக்கம் ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கல."

அன்றைக்கே தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். இது வேறு ஆஸ்பத்திரி. வண்டி இருக்கையில் ரப்பர் விரிப்பைப் போட்டால்தான் உட்காருவேன் என்று அந்தக் காய்ச்சலிலும் பிடிவாதம் பிடித்தாள். சீழ் சிறுநீரகம் வரை ஏறிவிட்டது, முதலில் காய்ச்சல் இறங்க வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. ஓட்டையைப் பற்றிச் சொன்னபோது, இதைத் தைத்து மூடலாமே, ஏன் இத்தனை வருஷம் வரவில்லை என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

டாக்டரம்மா போன பிறகு அக்கா வெகுநேரம் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தைக்கலாமாம்டா" என்றாள். "தையல்காரிகிட்ட இதை ஒருத்தரும் சொல்லல பாரு." பழைய கத்திரி ஒரு நொடி வந்துவிட்டுப் போனாள்.

டிங்கர் பெண்டாட்டி வந்து துணி மாற்ற உட்கார்ந்தாள். அக்கா கையைத் தட்டிவிட்டாள். "சும்மா படுங்க அண்ணி. நீங்க என் வீட்டு நாற்காலியில உட்காரலன்னுதான் எனக்குக் கோபம். இதுக்கெல்லாம் இல்ல" என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுது டிங்கர் பார்த்தது அப்போதுதான்.

காய்ச்சல் இறங்கும், தையல் போடுவார்கள், நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்கலாம் என்று அவன் இருந்தான். வீட்டில் அந்த நாற்காலியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்துத் துடைத்தும் வைத்துவிட்டான். காய்ச்சல் இறங்கவில்லை. பிறகு அவள் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மகளுக்கு வலி எடுப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

நினைவு தப்புவதற்கு முந்தின சாயங்காலம் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வெளிச்சம் கட்டில் காலில் இருந்தது. அக்கா அவன் கையைப் பிடித்து விரல்களைத் தடவினாள். சுத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள்.

"பொண்ணுக்கு எப்ப சொல்லியிருக்காங்க?"

இந்த வாரத்துக்குள் இருக்கும் என்றான்.

"உள்ள விட மாட்டாங்க. இப்பவும் விட மாட்டாங்களா?"

விசாரித்தேன், விட மாட்டார்கள் என்றான்.

"அன்னைக்கு நான்தான் உன்னைப் போகச் சொன்னேன். ஆனா உன் சத்தம் நின்னதும் நீ இருக்கியா போயிட்டியான்னே தெரியல. அப்புறம் யாருமே இல்ல தம்பி. நான் ஒருத்திதான். பிள்ளை அசையறது நின்னப்பவும் நான் ஒருத்திதான்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையை அழுத்தினாள்.

"நீ கதவுகிட்ட நில்லு. திட்டாத, சண்டைக்குப் போகாத. தட்டிக்கிட்டே இரு. நீ தகரத்துல பொடித்தட்டு தட்டுவியே, அதே மாதிரி மெதுவா. வெளிய எங்கப்பா இருக்காருன்னு உன் பொண்ணுக்குக் கேட்டாப் போதும். உள்ளேர்ந்து யார் வந்து போகச் சொன்னாலும், அவளே போகச் சொன்னாலும், நிறுத்தாத."