தடுப்பு வைத்த தட்டு

ரோட்டர்டாமில் என் மகளின் பள்ளி ஆசிரியை ஒருநாள் என்னை நிறுத்தி, வாழைப்பழத்தைத் தனி டப்பாவில் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அதன் வாசனை ரொட்டியில் ஏறினால் ரெனிட்டா சாப்பிடுவதில்லையாம். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததிலிருந்து அவள் சாப்பாட்டுக்கு ஒரு பள்ளிக்கூடமே காவல் நிற்கிறது. பெற்றவள் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: எனக்கு அவள்மேல் பொறாமை. வயிறு எரிகிற பொறாமை.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் தினமும் மீன்குழம்பு. குழம்பு சோற்றில் பட்டுவிட்டால் எனக்குக் குமட்டும். தனித்தனியாக வைத்தால் இரண்டையும் தின்பேன். அதை யாரிடம் சொல்வது? கொழுப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கோயில் திருவிழாவில் ஊருக்கே போடும் அசனச் சாப்பாடு அதைவிட மோசம். ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். சோற்றின் தலையில் கறியும் கத்தரிக்காயும் குழைந்த குழம்பு வந்து விழும். அந்தோனியார் பேரில் ஆக்கிய சோற்றை மிச்சம் வைத்தால் குற்றம். யாருக்கும் தெரியாமல் அம்மா என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருப்பாள். மெல்லாமல், மூச்சு விடாமல், தண்ணீரோடு விழுங்கப் பழகினேன். எதைப் போட்டாலும் தின்கிற பிள்ளை என்று பெயரும் வாங்கிவிட்டேன்.

மகளைப் பரிசோதித்த டச்சு மருத்துவர், சில குடும்பங்களில் இது பெற்றோருக்கும் இருக்கும் என்று சொல்லி, எனக்குச் சாப்பிட முடியாதது ஏதாவது உண்டா என்று கேட்டார். விருந்துக்குப் போன வீட்டில் கேட்டதுபோல, எல்லாம் சாப்பிடுவேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். டிராமில் திரும்பும்போதுதான் உறைத்தது. கணவர் துறைமுகத்துக்கு ஷிப்டு போகும் நாட்களில், சோற்றைத் தனியாகத் தின்று முடித்து, கையைக் கழுவிவிட்டுக் குழம்பைக் குடிக்கிறவள் நான். எனக்கும் அதுதானா? இன்றுவரை தெரியாது.

இந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். அம்மா பேத்திக்கென்று தடுப்பு வைத்த எவர்சில்வர் தட்டு வாங்கி வைத்திருந்தாள். அதை முன்னால் வைத்து அவளிடமே கேட்டாள்.

"ஏளா, எதுகூட எது படக்கூடாதுன்னு சொல்லு. நான் பாத்து வைக்கேன்."

என்னைக் கிள்ளிய அதே கை, சோற்றை ஓர் அறையிலும் பொரித்த மீனை இன்னோர் அறையிலும் அத்தனை பதமாக வைத்தது. எனக்கும் ஒன்று வாங்கியிருக்கலாமே என்று விளையாட்டுப்போலக் கேட்டேன்.

"ஒனக்கு எதுக்குளா? நீதான் எதப் போட்டாலும் திம்பியே."

அங்கே கேட்டார்கள், நான் சொல்லவில்லை. இங்கே யாரும் கேட்கவில்லை. அம்மா என் சோற்றின் மேல் குழம்பை ஊற்றினாள். ரெனிட்டாவின் தட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மூச்சைப் பிடித்தேன்.